மலைமாளிகையின் மான்களும் பறம்பிக்குளத்தின் மரங்களும்

கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியதிலிருந்து என் முகநூல் பக்கம் முழுவதும் திருப்பூணித்துறை ஹில் பாலஸின் படங்கள். ஓடு வேய்ந்த நீண்ட கூரை, அடுக்கடுக்காக இறங்கும் புல்தரை, கற்படிகளில் நின்று சிரிக்கும் குடும்பங்கள், ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் நாகவல்லியை நடித்துக் காட்டும் கல்லூரிப் பெண்கள். இவற்றின்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பள்ளுருத்தியிலிருந்து ஒரு பகற்பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய அழகான இடம் அது. எழுதத் தூண்டியது படங்கள் அல்ல. நம் மட்டாஞ்சேரித் தமிழர் வட்டத்தில் நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் முந்தாநாள் இட்ட நெடும்பதிவு.

அவர் சொல்வதன் சாரம் இது: கொச்சி மன்னர்கள் விலங்குகளையும் தம் குடிகளாகவே எண்ணினார்கள், மாளிகையின் நிழலிலே மானுக்கும் இடம் தந்தார்கள், அந்தக் கருணை முடியாட்சியோடு போயிற்று, ஆகவே அரண்மனையின் மான் பூங்காவைப் பெருக்க வேண்டும், மான்களைக் கூட்ட வேண்டும், விடுமுறையில் வரும் பிள்ளைகள் தம் கையாலேயே தீனி கொடுக்க வழிசெய்ய வேண்டும். கீழே பலர் வாழ்த்தியிருக்கிறார்கள். ஐயா, உங்கள் மேல் உள்ள மதிப்பு சிறிதும் குறையாமலேயே சொல்கிறேன்: இந்தப் பதிவின் வரலாறும் பிழை, வேண்டுகோளும் பிழை. பின்னூட்டத்தில் அடங்காது என்பதால் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தக் கம்பிவலைக்கு முன் நானும் நின்றவன். எட்டோ ஒன்பதோ வயது. தனு மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பஜார் சாலையில் மிளகுக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பா, எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, தோப்பும்படியில் பஸ் மாறி எங்களை அழைத்துப் போனார். கொச்சியில் குளிர்காலம் என்பது நாட்காட்டியில் மட்டுமே உள்ள ஒன்று. விடியலில் சற்றே மூடுபனி, எட்டு மணிக்கெல்லாம் வியர்வை. ஆனாலும் அந்த மேட்டில் காற்று இருந்தது. அரியணையும் கிரீடமும் பார்த்தது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது வலைக்கண் வழியே நான் நீட்டிய பலா இலையைச் சுற்றிவளைத்து இழுத்த ஒரு நாக்கு. அதன் சொரசொரப்பு இன்றும் விரலில் இருக்கிறது. அன்றிரவு முழுவதும் அந்த மானைப் பற்றியே பேசியிருக்கிறேன். எனவே பிள்ளைகளின் மகிழ்ச்சியை நான் இகழவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கொண்டு பெரியவர்கள் கட்டும் கதையைத்தான் மறுக்கிறேன்.

1865-இல் கட்டப்பட்ட மாளிகை அது. ஐம்பது ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட வளாகம், நாற்பத்தொன்பது கட்டடங்கள். அரச குடும்பத்தின் கையிலிருந்து அரசுக்கு வந்து தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாயிற்று. இன்றைய சுற்றுலாக் கையேடுகள் அதன் சிறப்புகளை அடுக்கும்போது மான் பூங்காவையும் சிறுவர் பூங்காவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. ஊஞ்சலும் மானும் ஒரே பட்டியலில் வருவதைக் கவனியுங்கள். ஒன்று ஆட்டிப் பார்க்க, ஒன்று ஊட்டிப் பார்க்க. இதைக் கருணை என்று அழைப்பவர்கள் அந்தச் சொல்லை மலிவாக்குகிறார்கள்.

மக்கள் பார்வைக்காக விலங்குகளை அடைத்து வைக்கும் எந்த இடமும் சட்டத்தின் கண்ணில் விலங்குக் காட்சியகமே. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 1992-இல் மத்திய விலங்குக் காட்சியக ஆணையம் அமைக்கப்பட்ட பின், அதன் ஏற்பு இல்லாமல் எவரும் அப்படியோர் இடத்தை நடத்த இயலாது. அரண்மனைக்கென்று விலக்கு கிடையாது. அதே சட்டம் காட்சியகத்து விலங்கைச் சீண்டுவதைப் போலவே அதற்குத் தீனி கொடுப்பதையும் பார்வையாளருக்குத் தடைசெய்கிறது. ஐயா வேண்டும் ‘கையால் ஊட்டும் இன்பம்’ சட்டப்படி குற்றம். அதற்குக் காரணமும் உண்டு. மான் அசைபோடும் விலங்கு. ரொட்டித் துண்டும் பிஸ்கட்டும் அதன் முதல் இரைப்பையில் புளித்து அமிலமாகி அதைக் கொல்லக்கூடும். புள்ளிமான் ஆண்டு முழுவதும் ஈனும் இனமும் ஆகும். வேலிக்குள் வேட்டை விலங்கு இல்லை, இடம்பெயர வழியில்லை. ‘மான்களைக் கூட்டுங்கள்’ என்று எவரும் கேட்கத் தேவையில்லை. அவை தாமே கூடும். கூடியபின் அவற்றை என்ன செய்வது என்பதே இந்தியாவின் ஒவ்வொரு மான் பூங்காவும் திணறும் கேள்வி.

இது சிறிய பிழை. பெரிய பிழை வரலாற்றில் இருக்கிறது.

என் ஆய்வு கொச்சியின் மர வணிகம் பற்றியது. ஆகவே ‘கொச்சி மன்னர்களும் விலங்குகளும்’ என்று யாரேனும் தொடங்கினால் எனக்கு நினைவுக்கு வருவது மான் அல்ல, தண்டவாளம். 1895 முதல் 1914 வரை ஆண்ட இராமவர்மா, பதவியைத் தாமாகவே துறந்தவர் என்பதால் ‘ஒழிஞ்ஞ தம்புரான்’ என்று இன்றும் அழைக்கப்படுபவர். ஷொரணூரிலிருந்து எறணாகுளத்துக்கு இருப்புப்பாதை போடப் பணம் போதாதபோது, பூர்ணத்ரயீச கோயில் யானைகளின் பதினைந்து தங்க நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றார். 1902-இல் இரயில் ஓடியது. அந்த முடிவுக்காக அவரை நான் வணங்குகிறேன். தெய்வத்தின் பொன்னை மக்களின் பாதையாக மாற்றத் துணிந்த அரசர்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. (விருச்சிக உற்சவத்தில் இன்றும் பதினைந்து யானைகள் அணிவகுக்கின்றன. நெற்றிப்பட்டத்தைப் பார்ப்பவர் பலர். அதற்குப் பின்னால் இருக்கும் விலங்கு எந்தக் காட்டிலிருந்து, எந்தக் குழியில் விழவைத்துப் பிடிக்கப்பட்ட இனத்தது என்று கேட்பவர் சிலர்.)

ஆனால் அதே ஆட்சியில்தான், அதே இரயிலை நம்பியே, இன்னொரு பாதையும் போடப்பட்டது. கொச்சி அரசு வனத் டிராம்வே. சாலக்குடியில் தொடங்கி, மலையேறி, பறம்பிக்குளம் காட்டின் உள்ளே வரை ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். 1907-இல் இயங்கத் தொடங்கி 1963-இல் மூடப்பட்டது. ஜெர்மனியின் ஓரென்ஷ்டைன்–கொப்பெல் நிறுவனத்தின் நீராவி எஞ்சின்கள் அதில் ஓடின. செங்குத்துச் சரிவுகளில் எஞ்சின் ஏற இயலாத இடத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள்: மரம் ஏற்றிய பெட்டி தன் எடையாலேயே கீழே இறங்கும்; கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்றுப் பெட்டி அந்த இழுப்பிலேயே மேலே ஏறும். பொறியியலாக எண்ணிப் பார்த்தால் அழகு. வேறு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம்: காட்டிலிருந்து ஒரு பாரம் இறங்கினால்தான் அடுத்த பாரத்துக்கான பெட்டி மேலே போகும். காடு தன்னைத் தானே இறக்கிக்கொடுக்கும் ஏற்பாடு அது.

தேக்கும் ஈட்டியும் இறங்கின. யானைகள் அடிமரங்களை இழுத்து வந்து பெட்டியோரம் சேர்த்தன. சாலக்குடியில் இரயில் மாறி, கொச்சி வந்து, கப்பலேறின. ஐம்பதாண்டுகளுக்கு மேல் இது நடந்தது. வெட்டிய இடங்களில் அரசு வரிசை வரிசையாகத் தேக்கு நட்டது. இன்றும் பறம்பிக்குளத்துக்குள் போகிறவர்கள் ‘எவ்வளவு அடர்ந்த காடு’ என்று வியக்கும் பல இடங்கள் உண்மையில் மனிதர் நட்ட தோட்டங்கள். மான், காட்டெருது, யானை, புலி ஆகியவற்றின் வீட்டை ஏலத்தில் ஏற்றிய கருவூலமும், மாளிகைக்கு வெள்ளை பூசிய கருவூலமும் ஒன்றே. விலங்குகள் குடிகளாக எண்ணப்பட்டிருந்தால் அவை வரி கட்டிய குடிகள், தம் வீட்டையே கட்டிய குடிகள்.

எனவே ஐயாவின் பதிவில் ‘மன்னரின் கருணை’ என்று வரும் இடத்தில் எனக்கு ஒரு பேரேடு தெரிகிறது. அதில் வரவுப் பக்கம் மட்டும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. செலவுப் பக்கம் பறம்பிக்குளத்தில் கிடக்கிறது.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். 1933-இல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது இரு சமஸ்தானங்களும் அவருக்குத் துணை நின்றன. டிராம்வே வழியில் இருந்த குரியார்குட்டியில் அவர் தங்கினார். மரத்தை இறக்கிய அதே தண்டவாளம்தான் பறவையறிஞரை மேலே ஏற்றியது. வரலாறு இப்படித்தான் கலந்து கிடக்கும். கலப்பைக் கலப்பாகச் சொல்லுங்கள் என்பதே என் வழக்கு. பாலை மட்டும் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

தமிழர்களாகிய நாமும் கைகழுவிக்கொள்ள முடியாது. 1958-இன் பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி அந்தக் காட்டின் பள்ளத்தாக்குகளில் எழுந்த பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் நிற்கின்றன, இயக்குவது தமிழ்நாடு. கொங்குநாட்டுத் தென்னைக்கும் நிலக்கடலைக்கும் பாயும் நீர் ஒரு காட்டின்மேல் தேங்கி நின்று வருகிறது. மன்னரை மட்டும் கூண்டிலேற்ற நான் வரவில்லை.

சென்ற ஜனவரியில் அங்கே போனேன். கேரளத்தின் புலிகள் காப்பகம்தான், ஆனால் சாலை வழியாகப் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றியே போக வேண்டும். புல் வெளுத்துக் காய்ந்திருந்தது. காலையில் உண்மையிலேயே குளிர்ந்தது. போர்வையை விட மனமில்லை. வனத்துறைக் குடியிருப்பின் அருகே ஒரு வெட்டவெளியில் ஐம்பது அறுபது புள்ளிமான்கள். மேலே மரத்தில் கருங்குரங்கும் மந்தியும் கடித்துப் போடும் இலைகளை அவை கீழே நின்று பொறுக்கின. ஒரு நொடியில் எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. ஒரு பெட்டை முன்காலைத் தரையில் தட்டியது. எனக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. என்னுடன் வந்த காடர் இனத்து வழிகாட்டி மட்டும் சற்றே புன்னகைத்து, ‘நமக்குச் சொல்லலே, சாரே’ என்றார். சிறுவயதில் என் கையிலிருந்து இலையை இழுத்த நாக்கு நினைவுக்கு வந்தது. அந்த மான் என்னை எதிர்பார்த்து நின்றது. இந்த மான்களின் உலகத்தில் நான் ஒரு பொருட்டே இல்லை. இரண்டும் ஒரே இனம் என்று உயிரியல் சொல்லும். ஆனால் பின்னதைப் பார்த்த பிறகுதான் முன்னதில் எதை இழந்திருந்தார்கள் என்று எனக்கு விளங்கியது: அஞ்சுவதற்கான உரிமையை.

மறுப்பு ஒன்று வரும் என்று தெரியும். வரட்டும், அது வலுவானது. மாளிகைப் பூங்காக்கள் இல்லையென்றால் சில இனங்களே இருந்திரா. சீனத்தின் பெர் டேவிட் மான் தன் தாய்மண்ணில் அற்றுப்போனபோது, இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபுவின் வோபர்ன் மாளிகைப் பூங்காவில் சேர்த்து வைத்திருந்த சிறு மந்தையே மிஞ்சியது. இன்று உலகில் உள்ள அத்தனை பெர் டேவிட் மான்களும் அந்த மந்தையின் வழிவந்தவை. உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1985-இல் அவற்றைச் சீனாவுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். பூங்கா ஒரு வழிப்போக்கர் சத்திரமாக இருந்ததால் அதற்குப் பெருமை. நம் புள்ளிமானோ அழிவின் விளிம்பில் நிற்கும் இனமே அல்ல. அதை அரண்மனைக் கம்பிவலை காப்பாற்ற வேண்டிய நிலை எதுவும் இல்லை. திரும்பிப் போக ஊரில்லாத சத்திரத்துக்குப் பெயர் வேறு.

கிண்டியைச் சொல்வார்கள். சென்னை ஆளுநரின் கிண்டி மாளிகையைச் சுற்றியிருந்த வேலிதான் அந்தப் புதர்க்காட்டை நகரத்திடமிருந்து காத்தது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, இன்று இரண்டேமுக்கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நிலம் எஞ்சியிருக்கிறது. இதுவும் உண்மை. ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது மான் என்னும் அலங்காரம் அல்ல, மண்ணும் புதரும் புல்லும். ஐ.ஐ.டி.க்கும் நினைவு மண்டபங்களுக்கும் அதே காட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தபோது, ‘மான்தான் இருக்கிறதே’ என்பதே எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. மான் கண்ணில் படும்வரை நிலம் குறைவது கண்ணில் படாது. மான் பூங்காவின் பேராபத்து இதுதான்: அது காட்டின் பதிலியாக நின்று காட்டைப் பற்றிய கவலையைத் தணித்துவிடுகிறது.

பள்ளுருத்திக்காரன் என்ற முறையில் ‘குடிகள்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் அழகியகாவு பகவதி கோயிலில் தனு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை புலவாணிபம் கூடும். பாயும் முறமும் கூடையும் மண்சட்டியும் உலர்மீனும் வாங்க இன்று எல்லோரும் போகிறோம். அது ஏன் அந்த ஒரு நாளில் கூடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? ஆண்டு முழுவதும் கோயிலை அணுகக்கூடாதிருந்த புலையர்களுக்கு, அரசர் அனுமதித்த ஒரே நாள் அது. வழிபட வந்தவர்கள் தாம் செய்த பொருள்களையும் கொண்டுவந்தார்கள், அதிலிருந்து சந்தை. 1913-இல் புலையர்கள் தமக்கென ஒரு கூட்டம் நடத்த நினைத்தபோது நிலத்தில் இடமில்லாமல், வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கொச்சிக் காயலின்மேல் கூடினார்கள். பின்னர் எறணாகுளத்தில் நடந்த வேளாண் கண்காட்சியில் அவர்கள் விளைத்த பொருள்கள் உள்ளே வீற்றிருந்தன. விளைத்தவர்கள் வெளியே நின்றார்கள். பண்டிட் கருப்பன் திவானிடம் எடுத்துச் சொன்ன பிறகே அவர்களுக்கு வழிவிடப்பட்டது. திருவிதாங்கூர் 1936-இல் கோயில் கதவுகளைத் திறந்தது. கொச்சிக்கு அதற்குமேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மானுக்கு மாளிகை நிழலில் இடம் இருந்ததைப் பாடும் பதிவில், மனிதருக்கு ஆண்டில் ஒரு நாள் மட்டுமே இடம் இருந்ததற்கு ஒரு வரியும் இல்லையென்றால், அதை வரலாறு என்று நான் ஏற்க மாட்டேன். ஐயா அறியாதவர் அல்லர். அறிந்தவர் விட்டுவிடும்போதுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்ன வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். மாளிகையை மூடச் சொல்லவில்லை. அந்த மேட்டில் நிற்கும் பழைய மரங்களும் மூலிகைகளும் அங்கு வந்து அடையும் பறவைகளும் கீரிகளும் பட்டாம்பூச்சிகளும் எவரும் அடைத்து வைக்காமலேயே இருப்பவை. பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுங்கள். பார்க்கச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவே. மான் பூங்காவைப் பெருக்கும் பேச்சை விட்டுவிடுங்கள். கிரீடத்தின் எடையையும் அரியணையின் வேலைப்பாட்டையும் விரிவாகச் சொல்லும் அருங்காட்சியகத்தில் வனத் டிராம்வேக்கு ஒரு தனிக் கூடம் கேளுங்கள்: வழித்தடத்தின் வரைபடம், ஒரு துண்டுத் தண்டவாளம், இறங்கிய மரத்தின் ஆண்டுக் கணக்கு. அந்தக் கணக்கு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, நான் தினமும் புரட்டும் தாள்தான். கூடம் அமைத்தால் படியெடுத்துத் தர அணியமாக இருக்கிறேன். ஐயாவே முன்னின்று அந்த மனுவை எழுதினால் முதல் கையொப்பம் என்னுடையது.

இந்த ஆண்டு புலவாணிபத்துக்கு அக்காவின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துப் போகிறேன். அதற்கடுத்த வாரம் அவர்களோடு பறம்பிக்குளம். தோப்பும்படியிலிருந்து புறப்பட்டுப் பொள்ளாச்சியில் தங்கல். காட்டுக்குள் தங்குவதற்கு முன்பதிவு கட்டாயம். இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வர விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள். தீனிப் பொட்டலம் எதுவும் கொண்டுவர வேண்டாம். போர்வை கொண்டுவாருங்கள், அங்கே குளிரும்.